ஏழாம் நாள் வருவோம் என்றோம்

எங்கள் ஆய்வுப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு தாய் நடுவில் விலகிவிட்டால், ஏன் விலகினாள் என்று அதில் ஓர் எண் போட வேண்டும். ஒன்று என்றால் அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு என்றால் கரு தங்கவில்லை. மூன்று என்றால் தாய் இறந்துவிட்டாள். நான்கு என்றால் இடம்பெயர்ந்துவிட்டாள். இந்தப் படிவத்தை எழுதியவள் நான். எழுதினேன் என்பதுகூடப் பெருமைப் பேச்சு. காசநோய் பற்றிய ஒரு பழைய ஆய்வின் படிவத்தை எடுத்து, தலைப்பை மாற்றி, நோயின் பெயர் வந்த இடங்களில் 'குழந்தை' என்ற சொல்லை நுழைத்து, இரண்டு காபி குடித்து முடிப்பதற்குள் வேலையை முடித்தேன். வேலை தேடி ஊர் ஊராகப் போகிற ஆண்களுக்காக யாரோ போட்டுவைத்த நாலாம் எண் அப்படியே என் படிவத்துக்கு வந்து சேர்ந்தது.

பிறந்த குழந்தையின் முதல் இருபத்தெட்டு நாட்களை ஆராய்வது என் வேலை. திருப்பதியில் எங்கள் தெருவில், பிரபந்த கோஷ்டிக்குப் போகிறவர்கள் என் அப்பாவிடம், "உம்ம பொண்ணு குழந்தைகளைக் காப்பாத்தறாளாமே, பெரிய கைங்கர்யம்" என்பார்கள். அவரும் மறுக்காமல் கேட்டுக்கொள்வார். நான் ஒரு குழந்தையைத் தூக்கிப் பல வருடம் ஆகியிருந்தது. மற்றவர்கள் தூக்கிய குழந்தைகளின் எடையை அட்டவணையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கைங்கர்யம் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உள்ளூரக் குளிர்ந்ததும் உண்மை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஆய்வு எளிமையானது. எடை குறைந்து பிறக்கும் குழந்தை முதல் வாரத்தில் உடல் குளிர்ந்து போகும். அழாது, ஆர்ப்பாட்டம் செய்யாது, பால் குடிப்பதை மட்டும் மெல்ல நிறுத்தும். சமர்த்தாகத் தூங்குகிறது என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும். இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. புறங்கையால் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகு வயிற்றை. பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் துணியை விலக்கித் தாயின் மார்போடு மார்பாகச் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வயிறும் குளிர்ந்திருந்தால் ஆஸ்பத்திரி. கர்ப்பமாக இருக்கும்போதே வீட்டுக்குப் போய், ஒரு துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிக் கொடுப்போம். பிறந்த பிறகு முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று வீடு தேடிப் போய் எடையும் உடல் சூடும் பார்ப்போம். தாயிடம் ஓர் அட்டை இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாதம், ஒரு வயிறு வரைந்திருக்கும். சூடாக இருந்தால் டிக், குளிர்ந்திருந்தால் பெருக்கல் குறி.

இதற்கு அனுமதி வாங்கச் சித்தூருக்கு நான்கு முறை போனேன். ஜில்லாவைப் பிரித்த புதிது. எந்த மண்டலம் யாருக்கு என்று அலுவலகத்தில் இருந்தவர்களுக்கே குழப்பம். கடைசியில் ஒரு வரைபடத்தில் நகரிப் பக்கத்து ஊர்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, "மேடம், ஈ லைன் தாட்டகண்டி" என்று ஓர் அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்தார். இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். கோட்டின் தெற்கு விளிம்புதான் மாநில எல்லை. அங்கே எல்லை என்பது பெரும்பாலும் ஒரு வரப்பு. இந்தப் பக்கம் மாந்தோப்பு, அந்தப் பக்கம் கரும்பு. இரண்டு பக்கமும் ஒரே சனம், ஒரே பேச்சு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் வரப்பைத் தாண்டித்தான் நடக்கும்.

எனக்கு இது தெரியாதா? தெரியும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவாள் என்பது தெரியாமல் வளர்ந்த தமிழ்ப் பெண் யாராவது உண்டா? நானே போனேன். என் புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் ஆட்டோவில் பத்து நிமிடம். ஆனாலும் நாள் பார்த்து, பெட்டி கட்டி, அழுதுகொண்டு போனேன். ஐந்தாம் மாதம் குழந்தையும் தொட்டிலுமாகத் திரும்பி வந்தேன். அப்போது என்னை யாராவது 'இடம்பெயர்ந்தவள்' என்று எழுதியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அதே நான், புருஷன் வீட்டு முகவரியில் பெண்களைப் பதிந்து, அந்த முகவரியில் குழந்தைகளைத் தேடும் ஓர் ஆய்வை வடிவமைத்தேன். எங்கள் குழுவில் இருந்த எல்லோரும் தாய் வீட்டில் பெற்றவர்கள், அல்லது மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பியவர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. படித்த முட்டாள்கள் என்று எங்களைத்தான் சொல்ல வேண்டும்.

நகரிப் பக்கத்துக்கு எங்கள் களப்பணியாளர் அந்த ஊர்களிலேயே பிறந்த ஒரு பெண். அவளுடைய நைனா கூலிக்கு ஏர் பிடித்தவர். பிறகு அரசாங்கம் கொடுத்த கொஞ்சம் நிலத்தில் மா வைத்தார். ஸ்கூட்டியில் தராசும் துணிப் பொம்மையுமாக அவள் போகாத சந்து கிடையாது. பாதித் தெலுங்கு, பாதித் தமிழ், எடுத்ததற்கெல்லாம் சிரிப்பு. அவள் கையில் நாங்கள் கொடுத்த டேப்லெட் கணினி ஒன்று இருந்தது, டேப் என்போம். வீட்டு வாசலில் நின்று அதைத் திறந்தால், கோட்டுக்குள் இருந்தால் பச்சை, வெளியே இருந்தால் சிவப்பு. சிவப்பில் எதையும் ஏற்ற முடியாது.

அவளோடு மேற்பார்வைக்குப் போன ஒரு நாளில்தான் அந்தக் கர்ப்பிணியைப் பார்த்தேன். கணவனுக்கு வீட்டை ஒட்டிய விசைத்தறிக் கொட்டகையில் வேலை. இவள் வீட்டில் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய நூலைக் குழலில் தார் சுற்றிக் கொடுப்பாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. முதல் கரு எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டிருந்தது. அதனால் இந்தப் பிரசவத்தைத்தான் வீட்டில் தலைப்பிரசவம் என்று சொன்னார்கள். துணிப் பொம்மையைக் கையில் வாங்கியதும் மற்றப் பெண்களைப் போல அவள் வெட்கப்பட்டுச் சிரிக்கவில்லை. பாதத்தைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள், மார்போடு சேர்த்து முந்தானையால் இறுகக் கட்டிக்கொண்டாள். மறுபடி அவிழ்த்து, மறுபடி கட்டினாள். தறிச் சத்தத்தில் அவள் பேசியது கேட்கவில்லை. பக்கத்தில் போனேன்.

"பொறந்தப்புறம் நீங்க வருவீங்க இல்ல மேடம்?"

"வருவோம்மா. முதல் நாள், மூணாம் நாள், ஏழாம் நாள்."

"ஏழாம் நாளு கண்டிப்பா வருவீங்க?"

"கண்டிப்பா வருவோம்."

அப்படித்தான் சொன்னேன். யாரோ ஒரு களப்பணியாளர் சொன்னதல்ல, நானே என் வாயால் சொன்னேன். அவளுக்கு என் பேச்சின் மேல் ஏன் அத்தனை நம்பிக்கை என்று இப்போதும் யோசிக்கிறேன். வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, திருப்பதியிலிருந்து வந்த கார். வேறென்ன?

இரண்டு மாதம் கழித்து அந்தக் களப்பணிப் பெண் போன் செய்தாள்.

"மேடம், அந்தத் தார் சுத்தற பொண்ணுக்கு ஏழாம் மாசம் வளையல் போட்டு அம்மா வூட்டுக்கு இட்டுக்கினு போய்ட்டாங்க."

"எந்த ஊரு?"

"கிட்டத்தான் மேடம். எங்க தோப்பாண்ட நின்னா அவங்க அம்மா வூட்டுக் கூரை ஷீட்டு தெரியும். ஆனா அது தமிழ்நாடு. டேப்பு செவப்பாவுது."

"அப்ப நாலு போட்டுடும்மா."

"மேடம், ஸ்கூட்டில பத்து நிமிஷம். டேப்ல ஏத்த வாணாம், பர்வாலேது. சொம்மா போய்ப் பாத்துக்கினு வந்துடறேன்" என்றாள்.

"சும்மா பார்க்கறதுன்னு ஒண்ணு நம்ம வேலையில கிடையாதும்மா. அந்தப் பக்கம் நமக்கு அனுமதி இல்லை. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அங்க அவங்க நர்ஸ் பார்த்துப்பாங்க."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட விதிக்குப் புறம்பானது இல்லை. அதுதான் என்னை இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்து நர்ஸ் பார்ப்பார் என்று சொன்னேனே, அந்த நர்ஸின் பட்டியலில் இவள் பெயர் இருக்க வழியே இல்லை. இவள் கர்ப்பத்தைப் பதிந்தது இந்தப் பக்கத்தில். இங்கே 'போய்விட்டாள்', அங்கே 'வரவே இல்லை'. அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லலாம் என்று நினைத்து ஒருமுறை போன் செய்தேன். மணி அடித்து நின்றது. அதற்குள் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். மறுபடி செய்யவில்லை.

இதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. ஆய்விலிருந்து ஒருத்தியை நீக்கிவிட்டால், நீக்கிவிட்டோம் என்று அவளிடம் சொல்ல வேண்டுமே? என் ஆய்வு வழிமுறைக் கையேடு நாற்பது பக்கம். எடை பார்க்கும் தராசை எப்படித் துடைக்க வேண்டும் என்பதற்கே ஒரு பக்கம். ஆனால் 'இனி வரமாட்டோம்' என்று சொல்வதற்கு ஒரு வரி இல்லை. களப்பணிப் பெண்ணுக்கும் சொல்ல மனம் வரவில்லை. நான் மனம் மாறுவேன் என்று காத்திருந்திருக்கிறாள். எனவே, எல்லையைத் தாண்டிய அந்த ஷீட்டு வீட்டில், அட்டையைச் சுவரில் ஆணியில் மாட்டிக்கொண்டு, அந்தப் பெண் எங்களுக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மார்கழிக் குளிரில், அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, இரண்டு கிலோ நூறு கிராம். சிறியதுதான், ஆனால் இப்படிப் பிறந்த எத்தனையோ குழந்தைகள் பிழைத்து ஓடியாடுகின்றன. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். களப்பணிப் பெண் மறுபடி போன் செய்து கேட்டாள். மறுபடி வேண்டாம் என்றேன். இந்த முறை எரிச்சலோடு சொன்னேன். "ஒரே விஷயத்தை எத்தனை தடவைம்மா சொல்றது?"

ஏழாம் நாள், எங்கள் மாதாந்தர ஆய்வுக் கூட்டம் திருப்பதியில். களப்பணியாளர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். திரையில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக, எல்லாம் பச்சை. நான் எழுந்து அவர்களைப் பாராட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தபோது அந்தப் பெண் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். சிரிக்காத முகத்தோடு அவளை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"கொயந்த பூடுச்சு மேடம்" என்றாள். சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

என்ன நடந்தது என்பது பிறகு அவள் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் குழந்தையின் பாதம் குளிர்ந்திருந்தது. தாய் மார்போடு கட்டிக்கொண்டாள், சூடு வந்தது. ஆறாம் நாளும் அப்படியே. ஏழாம் நாள் விடிந்ததிலிருந்து குழந்தை பால் இழுக்கவில்லை. பெண்ணின் அம்மா, "வாடி, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்" என்றிருக்கிறாள். இவள்தான், "இரும்மா, இன்னிக்கி ஏழாம் நாளு. அவங்க வருவாங்க. தராசு, சூடு பாக்கற மிஷினு எல்லாம் எடுத்தாருவாங்க. பாத்துட்டுச் சொல்லுவாங்க" என்று நிறுத்தியிருக்கிறாள். அம்மா இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். இவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறும் குளிர்ந்த பிறகு தம்பியின் வண்டியில் ஏறினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது குழந்தைக்கு உயிர் இல்லை.

அடுத்த சில வாரங்கள் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை, ஆனால் வேலைக்கு ஒழுங்காகப் போனேன். நாலாம் எண் போட்ட படிவங்களை எல்லாம் எடுத்து மேஜையில் அடுக்கினேன். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். தலைப்பிரசவம், தலைப்பிரசவம், தலைப்பிரசவம். எடை குறைந்த குழந்தை பிறக்க அதிக வாய்ப்புள்ள பெண்கள் யாரோ, அவர்கள்தான் அந்த அடுக்கில் இருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் என்ன ஆயின என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரையும் நாங்கள் அனுப்பவில்லை. மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்களில் சாவு குறைந்திருக்கிறது என்று திரையில் காட்டினோம். சாவு குறையவில்லை. தாய் வீட்டுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். இதை எங்கள் குழுவில் சொன்னபோது, மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் மிகவும் அன்பாக, "எல்லா ஸ்டடியிலும் இந்த மாதிரிக் கொஞ்சம் பேர் விட்டுப்போவாங்கம்மா. கட்டுரையோட கடைசியில ஒரு பாரா எழுதிடு" என்றார். எழுதினேன். நான்கு வரி வந்தது. இன்றைக்கும் அந்த நான்கு வரியை யாராவது படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

மூன்று மாதம் கழித்துத்தான் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். அதற்கு முன்னால் போகத் தைரியம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவளைப் புகுந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டிருந்தார்கள். களப்பணிப் பெண்ணும் கூட வந்தாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் நாற்காலி போட்டு, தட்டில் வாழைப்பழம் வைத்து, "துன்னுங்க டாக்டரம்மா, அம்மாந் தொலைவுலேர்ந்து வந்துக்கீறீங்க" என்றார். மருமகள் சுவரோரமாக உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய் அட்டையை எடுத்து வந்து கொடுத்தாள்.

"பத்தரமா வச்சி, நீங்க வந்தா குடுக்கச் சொன்னீங்க."

வாங்கிப் பார்த்தேன். முதல் நாளிலிருந்து எல்லாக் கட்டத்திலும் குறி போட்டிருந்தாள். ஐந்திலும் ஆறிலும் பாதத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்திலேயே சூடு வந்த பிறகு போட்ட டிக். ஏழாம் நாள் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருந்தாள். 6 மணி, 7 மணி, 8 மணி, 9 மணி. ஒவ்வொரு மணிக்கும் தொட்டுப் பார்த்து ஒரு பெருக்கல் குறி. அவ்வளவு சுத்தமாக நிரப்பிய அட்டையை அந்த ஆய்வில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

மாமியார் பேசத் தொடங்கினார். "இவ அம்மாதான் கொன்னுட்டா டாக்டரம்மா. ஷீட்டு வூடு, பனிக் காலம். பச்சப் புள்ளய வச்சிப் பாத்துக்கத் தெரில. இனிமே அந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, அவளும் இங்க வரக் கூடாதுன்னு கட்டன் ரைட்டா சொல்லிட்டோம்."

பெண் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "நீங்க சொல்லுங்க மேடம். எங்கம்மா மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

இதற்குத்தான் அவள் மூன்று மாதமாகக் காத்திருந்தாள் என்பது அப்போது புரிந்தது. ஆறுதலும் விளக்கமும் கேட்கவில்லை. அவளுக்கு அவள் அம்மா வேண்டும்.

நான் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு மேலே, கிட்டத்தட்டக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அவங்க அம்மா மேல தப்பே இல்லைம்மா. அவங்க காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு சொன்னாங்க. நாங்க வருவோம்னு நம்பித்தான் இவ நின்னா. வரேன்னு சொன்னது நான். எங்ககிட்ட வேலை செய்யற இந்தப் பொண்ணு போறேன்னு ரெண்டு தடவை கேட்டா, போக வேண்டாம்னு தடுத்ததும் நான்தான். தப்பு என்னோடது."

களப்பணிப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். மாமியார் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவருடைய முகம் இளகியது. மருமகள் பக்கம் திரும்பி, "பாத்தியாடி, எம்மாம் பெரிய மனசு. உங்கம்மாள வுட்டுக்குடுக்காம, பழியத் தன் தலைல போட்டுக்கறாங்க" என்றார். எனக்கு இன்னொரு பழம் உரித்துக் கொடுத்தார்.

நான் மறுபடி சொன்னேன். உண்மையாகத்தான் சொல்கிறேன் என்றேன். "இருக்கட்டும் டாக்டரம்மா, இருக்கட்டும்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். இத்தனை படித்தவள், கார் வைத்திருப்பவள், திருப்பதியில் இருப்பவள் தப்புச் செய்ய மாட்டாள் என்று அவர் தீர்மானித்துவிட்டார். கூரைக்கு ஷீட்டு போட்ட வீட்டுக்காரிதான் செய்வாள்.

நான் சொன்னதை அந்த வீட்டில் நம்பியவள் ஒருத்திதான். தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

வாசல்வரை வந்து வழியனுப்பிய மாமியார், "அடுத்த தபா எங்கியும் அனுப்ப மாட்டோம். இங்கியே வச்சிப் பாத்துக்கறோம். உங்க ஸ்கூட்டிப் பொண்ணுதான் நாள் தவறாம வருதே, அது போதும்" என்றார்.

அப்படித்தான் நடக்கும். அடுத்த குழந்தை அந்த வீட்டில்தான் வளரும். பாதம் குளிர்ந்தால் சட்டென்று தொட்டுச் சொல்ல அவள் அம்மா பக்கத்தில் இருக்கமாட்டாள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் நாங்கள் போய் நிற்போம். டேப் பச்சை காட்டும். இந்த முறை என் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம் அவளுக்குக் காலியாகவே இருக்கும்.